வாயில் வராத ரேட்டு

தப்பா நெனச்சுக்காதீங்க சார், ஒட்டுக் கேக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. ஆனா ரெண்டு பேரு உக்கார்ற சீட்டுல மூணாவது ஆளா உங்க போனு பேசிக்கிட்டு வருது. காத எங்க கொண்டு போய் வெக்கிறது, சொல்லுங்க? இப்ப அந்தாளுகிட்டக் கடைசியா என்ன சொன்னீங்க? "பரவால்லீங்க சார், நீங்களா பாத்துப் போட்டு உடுங்க"ன்னு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லியா? சொல்லிப்போட்டுப் போன வெச்சதும் ஒரு பெருமூச்சு உட்டீங்க. அந்தப் பெருமூச்சு எனக்கு நல்லாத் தெரியுமுங்க. இருவத்தாறு வருசம் நான் உட்ட மூச்சு அது.

என்ன வேலைங்க சார் பாக்கறீங்க? கம்பெனிகளுக்கு விளம்பரம் எழுதிக் குடுக்கறதா? ஊட்டுல உக்காந்தேவா? அடடே, அப்ப நீங்களும் நம்ம வகையறாதான்! நானும் எழுத்து வேலைதானுங்க. தெய்வசிகாமணின்னு பேரு. கோபியில எறங்கிப் புலவர் ஊடு எதுன்னு கேட்டா ஆட்டோக்காரரே கொண்டாந்து உட்டுருவாரு. பட்டமெல்லாம் வாங்கலீங்க, ஜனங்களா வெச்ச பேரு. ரிட்டையர் ஆகறவங்களுக்கு வாழ்த்து மடல், கும்பாபிசேக நோட்டீசு, அறுவதாங் கல்யாணத்துக்குக் கவித, ஆட்டோவுல மைக்குக் கட்டி "வாருங்கள், வாருங்கள்"னு கூவிட்டுப் போறாங்களே, அது, எல்லாம் நான்தான். வாழ்த்து மடல்னாத் தெரியுமில்லீங்க? கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில ஒருத்தரு ராகமாப் படிச்சு, வாத்தியாரு கையில குடுப்பாங்க, அவரு சம்சாரம் கண்ணத் தொடச்சுக்குவாங்க. அதுல நம்மள அடிச்சுக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஆளில்லீங்க. நான் சொல்லல, ஊரு சொல்லுது.

ஈரோடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமுங்க. பார்ட்டிகிட்ட ரேட்டு எப்பிடிச் சொல்றதுன்னு நான் உங்களுக்குச் சொல்லித் தாரேன். காசெல்லாம் வேண்டாம். நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

முந்தி எம்பட கதை என்னன்னா, எவராச்சும் வந்து "எவ்வளவுங்க ஆகும்?"னு கேட்டாப் போதும், தொகை வாயில வராது. தமிழக் காசுக்கு விக்கிறமேங்கற கூச்சமுன்னு வெளிய சொல்லிக்குவேன். அதெல்லாம் சும்மாங்க. பயம். நாம ஒண்ணு சொல்லி, "அவ்வளவா?"ன்னு அவங்க புருவத்தத் தூக்கிட்டா எனக்கு அன்னிக்குச் சோறு எறங்காது. அதனால, "நமக்குள்ள என்னங்க, பாத்துக் குடுங்க"ன்னுருவேன். அவங்களும் பாப்பாங்க. என்னத்தப் பாப்பாங்க? துணிக்கடையில போய்ப் பொன்னாடையப் பாப்பாங்க. விழா அன்னிக்குப் பேரச் சொல்லி மேடைக்குக் கூப்புட்டு, தோள்ல போத்தி, போட்டோ எடுத்து, ஊட்டுக்குத் தாட்டி உட்டுருவாங்க.

எங்கூட்டு பீரோவுல அறுவத்தி மூணு பொன்னாடை இருந்துதுங்க சார். நீங்க தொட்டுப் பாத்திருக்கீங்களா அத? மினுக்கு மினுக்குனு இருக்கும். தொவட்டுனாத் தண்ணி உறிஞ்சாது, போத்துனாக் குளுரு தாங்காது, விரிச்சுப் படுத்தா ஆளு வழுக்கிக் கீழ உழுவான். எம்பட ஊட்டுக்காரி பரிமளம் தையக்காரி. மெசினு வெச்சு ஜாக்கெட்டு, பள்ளிக்கூட யூனிபாரமெல்லாம் தெப்பா. எந்தத் துணியக் குடுத்தாலும் ஒரு உருப்படி ஆக்கிருவா. அவளே இதத் தடவிப் பாத்துட்டு, "தலகாணி உறை தெச்சாத் தல நிக்காது, உள்பாவாடை தெச்சா இடுப்புல நிக்காது. உங்க தொழிலு மாதிரியே இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டா. வாயி சார் அவளுக்கு! பாசமும் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

போன வருசம் தை மாசம் ஒரு பள்ளிக்கூடத்துக்காரரு பதினெட்டுப் பக்கத்துக்கு ஆண்டு மலரு எழுதி வாங்கிட்டு, அறுவத்தி நாலாவதாப் போத்தி அனுப்பி வெச்சாரு. நான் அதத் தோள்ல போட்டுக்கிட்டே ஊட்டுக்குள்ள வாரேன், எம்பட மச்சான் உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருக்கறாரு. பரிமளத்தோட அண்ணன், ராக்கியப்பன்னு பேரு, கவுந்தப்பாடியில அரிசி ஆலை வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன்தான். ஆனா எழுத்துன்னா அவரப் பொறுத்த வரைக்கும் லோடு ரசீதுதான்.

பரிமளம் பொன்னாடையப் பாத்தா. என்னயப் பாத்தா. அண்ணனப் பாத்தா. "அண்ணா, ஆலைக்குக் கணக்கெழுத ஆளு வேணும்னீங்கல்ல? பங்குனி கடைசி வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள இவரு வாயத் தொறந்து ஒரே ஒருத்தர்கிட்ட, இன்ன ரேட்டுன்னு சொல்லி வாங்கிட்டு வந்தாருன்னா எழுதிக்கிட்டே இருக்கட்டும். இல்லைன்னா, சித்திரை ஒண்ணாந் தேதி நானே கொண்டாந்து உங்க ஆலையில உட்டர்றேன்"னா.

"வாங்க மாப்ள, தலைக்கு மேலயே ஃபேனு போட்டுத் தாரேன்"னாரு மச்சான்.

சிரிங்க, சிரிங்க. எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வல்லீங்க. கணக்கெழுதறது கேவலமுன்னு சொல்லலீங்க. ஆனாக் காத்தால எந்திரிச்சு உக்காந்து, ஒரு வாத்தியாரு முப்பத்தாறு வருசம் என்ன பண்ணுனாரு, எந்தப் புள்ளைக்கு நோட்டு வாங்கிக் குடுத்தாரு, எந்தக் கெணத்துல குதிச்சு எவனக் காப்பாத்துனாருன்னு விசாரிச்சு வெச்சதையெல்லாம் மனசுல போட்டு உருட்டிக்கிட்டே இருக்கறப்ப, அந்த மனுசனுக்குன்னே அளவெடுத்த மாதிரி ஒரு சொல்லு வந்து உழுகும் பாருங்க, அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் சார் நான் உசுரோட இருக்கறேன். அத உட்டுப்போட்டு மூட்ட எண்ணுன்னா எப்பிடி எண்ணுவேன்? உங்களுக்குத் தெரியும், நீங்க எழுதறவரு.

மறுநாளே பரிமளம் கறுப்பு அட்டையில ஒரு போர்டு எழுதி மாட்டுனா. துணியில கோடு போடற நீலச் சாக்பீசுலதான் எழுதுனா, அவகிட்ட வேற என்ன இருக்குது. "வாழ்த்து மடல் சாதா எழுநூறு. லைனிங் வெச்சது ஆயிரத்து இருநூறு. நோட்டீசு, விளம்பரம், மலர் சேர்த்து செட்டு நாலாயிரம். ஆல்ட்ரேசன் தனி." லைனிங்குன்னா என்ன புள்ளேன்னு கேட்டேன். "உள்ள நாலு வரி கவித வெச்சாத்தான் லைனிங்கு. மூணாவது தடவ மாத்திக் கேட்டா ஆல்ட்ரேசன்"னா. எங்களவிட நல்லா வெவரம் புரிஞ்சு வெச்சிருக்கறா பாருங்க. ஆனா நான் என்ன பண்ணுவேன், யாராச்சும் கேட்டத் தொறக்கற சத்தம் கேட்டதும் சட்டையக் கழட்டி அந்தப் போர்டு மேல மாட்டிருவேன். வந்தவங்கெல்லாம் பனியனோட இருக்கற புலவரத்தான் பாத்துட்டுப் போனாங்க.

ஒருநா சட்ட நழுவிக் கீழ உழுந்துருச்சுங்க. துணிக்கடை உலகநாதன் அதப் பாத்துட்டாரு. அவரோட மாமனாரு மின்சார வாரியத்துல ரிட்டையர் ஆகறாரு, லைனிங் வெச்ச மடலே எழுதி வெச்சிருந்தேன். படிச்சாரு. போர்டப் பாத்தாரு. மறுபடி படிச்சாரு. "ஏனுங்க புலவரே, இதுல 'கொடை வள்ளல்'னு இருக்குதே, அத எடுத்துட்டா எவ்வளவு கொறையும்?"

"ஏனுங்க அத எடுக்கோணும்?"

"கல்யாணத்தப்ப பைக்கு வாங்கித் தாரேன்னு சொன்னாருங்க. எம்மவன் காலேஜே போயிட்டான், பைக்கு இன்னும் வல்ல. வள்ளலெல்லாம் வேண்டாம்."

'சொல் தவறாச் செம்மல்' அதே காரணத்துக்காகப் போச்சு. 'கனிவின் சிகரம்'ங்கறதுக்கு, "எங்கூட்டுக்காரிகிட்டயே கேட்டுப் பாருங்க"ன்னாரு. ஒவ்வொண்ணா உருவி உருவி, கடைசியில மாமனாருக்குப் பேரும் பொறந்த தேதியுந்தான் மிஞ்சுச்சு. "செரி, இதுக்கு எவ்வளவு?"ங்கறாரு. நான் வழக்கம்போலப் பாத்துக் குடுங்கன்னுட்டேன். அவரே துணிக்கடைக்காரரு, பொன்னாடைக்குப் பஞ்சமா? அறுவத்தி அஞ்சு. அன்னிக்குப் பரிமளம் எங்கூடப் பேசவே இல்லீங்க. மெசினு மட்டும் கடகடன்னு பேசிக்கிட்டு இருந்துச்சு.

தை போச்சு. மாசி பாதியில மயில்சாமின்னு ஒருத்தரு வந்தாரு. மாட்டுத் தரகரு, நாப்பது வருசமா வியாழக்கெழம சந்தையில அவரு நின்னு வெல பேசாத சோடி கெடயாது. அவருக்கு அறுவதாங் கல்யாணம். பத்திரிக்கை, வாழ்த்து, கூடவே அவரு வாழ்க்கை வரலாறு ஒரு நாப்பது பக்கம். "நான் கைமாத்தி உட்ட காளைக பேரெல்லாம் அதுல வரோணுமுங்க. சொந்தக்காரன் பேரு உட்டுப் போனாலும் பரவால்ல"ன்னாரு. எனக்கு ஆளப் புடிச்சுப் போச்சு. அப்பறம் கேட்டாரு பாருங்க: "எவ்வளவுங்க புலவரே?"

நான் செவுத்தப் பாக்கறேன், கூரையப் பாக்கறேன். வேர்க்குது. அவரு எம்பட மூஞ்சிய நல்லா உத்துப் பாத்துட்டு, "வாயில வெல சொல்றது எங்க தொழில்லயும் இல்லீங்க. பக்கத்துல நிக்கிறவனுக்கு எதுக்குத் தெரியோணும்? துண்டு இருந்தாக் கொண்டாங்க"ன்னாரு. சந்தையில பாத்திருப்பீங்களே சார், ரெண்டு பேரு கை மேல துண்டப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள வெரலப் புடிச்சு வெல பேசுவாங்க. ஒரு வார்த்த வெளிய வராது. எங்கூட்டுத் துண்டு கொடியில ஈரமாத் தொங்குது. பீரோவத் தொறந்து ஒரு பொன்னாடைய உருவிக்கிட்டு வந்தேன்.

"வெரலு ஒண்ணு ஆயிரம்"னாரு.

என்ன மாயமோ தெரியலீங்க, துணி மேல உழுந்ததும் அது எம்பட கையே இல்ல. அவரு மூணு வெரலப் புடிச்சாரு. நான் அஞ்சையும் சேத்துப் புடிச்சேன், உட்டுட்டு மறுக்கா ஒரு மூணு. எட்டு! எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. ஆனாக் கை சும்மா கெடக்குது, வெக்கமே இல்லாம. அவரு அஞ்சுன்னாரு. நான் எட்டுன்னேன். அவரு ஆறுன்னாரு. நான் எட்டுதான். மேலால இருந்து பாத்தா ரெண்டு பெரிய மனுசங்க பொன்னாடைய மடியில வெச்சுக் காத்து வாங்கற மாதிரி இருக்குது, கீழ மல்லுக்கட்டு. ஆறரைக்கு அவரு அர வெரலு மடக்குனாரு. நான் ஏழுக்கு எறங்குனேன். கைய ஒரு உலுக்கு உலுக்கிட்டு, "புலவரே, நீங்க மாடு பேச வந்திருக்கோணும்"னாரு.

ஏழாயிரம் சார்! பரிமளம் மெசின நிறுத்திட்டு வாயப் பொளந்து பாக்கறா. அவ போட்ட ரேட்டே நாலுதானே!

அதுக்கப்பறம் கேக்கோணுமா? டாக்டரு, கோயில் அய்யரு, பள்ளிக்கூடத்துக்காரரு, யாரு வந்தாலும் பொன்னாடைக்கு அடியிலதான். மொதல்ல கூச்சப்பட்டாங்க, அப்பறம் அதுக்குன்னே வந்தாங்க. உலகநாதன்கூட வந்தாரு, அவரு மச்சினிச்சிக்கு ஒரு மடலுன்னு. துணிக்கு அடியில எதையும் உருவ முடியலீங்க அவருனால. கூச்சமெல்லாம் வாயிலதான் சார் குடியிருக்குது, கையில இல்ல. ஒன்றர மாசத்துல முப்பதாயிரத்துக்கு மேல. பரிமளம் மெசினுக்கு மோட்டரு வெச்சா. கலியாணத்துக்கு அப்பறம் அவ அவ்வளவு சிரிச்சு நான் பாத்தது அப்பத்தான்.

இருங்க, கண்டக்டரு வாராரு. உங்களுது எடுத்தாச்சா? செரி.

பங்குனி கடைசி வாரம் மச்சான் வந்தாரு. வெவரமெல்லாம் காதுக்குப் போயிருச்சு. "பேச்சு வாயிக்குத்தான் மாப்ள, கைக்கு இல்ல. தங்கச்சி என்ன சொல்லுச்சு? வாயத் தொறந்துன்னு சொல்லுச்சு. பழைய கணக்கப்பிள்ளைகிட்டக் கணக்க முடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன். நாற்காலி காலியா இருக்குது"ன்னாரு.

"அண்ணா, நான் ஏதோ அன்னிக்குக் கோவத்துல..."

"நாலு பேரு முன்னால சொன்ன சொல்லு அம்மிணி. உன்ற சொல்ல நம்பித்தான் ஆள நிறுத்துனேன்."

பரிமளத்துக்கு மூஞ்சி செத்துப் போச்சு. எனக்கு எப்பிடி இருந்துதுன்னு கேக்காதீங்க. அதுக்கடுத்த நாலு நாளும் அவ மெசினே கதின்னு கெடந்தா. யூனிபாரத்துக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து அட்வான்சு வந்துது, அத எண்ணிக்கிட்டே என்னமோ யோசன பண்ணுனா. அப்பறம் பஸ் ஏறிக் கவுந்தப்பாடிக்குப் போய்ட்டு வந்தா. எதுக்கு புள்ளேன்னு கேட்டா, "எங்கண்ணனக் கோயில் நோம்பிக்கு அழைக்கப் போனேன்"ங்கறா. நோம்பிக்கு இன்னும் ஒன்றர மாசம் கெடக்குது. வேல எச்சானா அவளுக்கு நாள்கெழம மறந்து போகுமுங்க. திரும்பி வந்து காத்தால பலகாரம் வெக்கிறப்ப திடீர்னு, "ஏனுங்க, எங்கண்ணனாட்ட ஒருத்தரு வந்து நோட்டீசு, விளம்பரம், மலரு எல்லாம் கேட்டா எவ்வளவு சொல்லுவீங்க?"ன்னா.

"செட்டு நாலாயிரம்."

"முணுமுணுக்காதீங்க, வெளிய வரட்டும். எச்சும் வேண்டாம், கொறச்சலும் வேண்டாம், நாலு." மூணு தடவ சொல்ல வெச்சா. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் ஒரு வெளையாட்டு.

பங்குனி கடைசி நாளு. மச்சான் வாராரு. என்னய இழுத்துட்டுப் போகத்தான் வந்துட்டாருன்னு நான் எந்திரிச்சு நிக்கிறேன். அவரு உக்காந்து தொண்டையச் செருமிட்டு, "ஆலைக்கு இருவத்தஞ்சாவது வருசம் மாப்ள. நோட்டீசு, விளம்பரம், மலரு, எல்லாம் போடலாம்னு இருக்கறேன். எவ்வளவு ஆகும்?"ங்கறாரு.

நான் பீரோவுக்கு ஓடுனேன். "ஒறவுக்குள்ள துணியப் போட்டுப் பேசுனா ஊரு சிரிக்கும். வாயில சொல்லுங்க"ன்னுட்டாரு.

சார், ஊரான்கிட்டச் சொல்றதே எனக்கு வராது. பொண்ணக் குடுத்த ஊட்டுல, அதுவும் மச்சான்கிட்ட! ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேன். பரிமளம் மெசின நிறுத்திட்டு எம்பட வாயவே பாக்கறா. அவ ஒதடு தானா அசையுது. சித்திரையில நான் மூட்ட எண்ணப் போறேனா இல்லியாங்கறது இந்த ஒரு வார்த்தையிலதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியுது. கண்ண மூடிக்கிட்டேன். "நாலாயிரம்"னேன். "ஆயிரம்"ங்கறப்ப கொரலு கீச்சுனு ஒடஞ்சுது. ஆனா வந்துருச்சுங்க.

"செரி"ன்னாரு.

அவ்வளவுதான். செரி. "அவ்வளவா?"ன்னு கேக்கல, புருவத்தத் தூக்கல. மேல்சட்டைப் பாக்கெட்டுல இருந்து காச எடுத்து அப்பிடியே வெச்சாரு. எண்ணக்கூட இல்லீங்க. நான் எண்ணுனேன், இருவது இருநூறு ரூவா நோட்டு, கச்சிதமா நாலாயிரம். என்ன கைக்கணக்கு பாருங்க! அதுதான் தொழில்காரருங்கறது. நோட்டெல்லாம் ஒரே பொடி. ஆலைக்காரரு காசுல்ல, தவுட்டுத் தூசி. என்னமோ கொஞ்சம் நீலமா இருந்துச்சு. இப்பத்தான் நெல்லுக்கு என்னென்னமோ மருந்தடிக்கறாங்களே. அப்பறம் ஒருநா ஆலைக்குப் போனேன், பழைய கணக்கப்பிள்ளை அதே நாற்காலில உக்காந்திருக்கறாரு. நாம கெடைக்க மாட்டம்னு தெரிஞ்சதும் கையக் காலப் புடிச்சுத் திரும்பக் கூப்புட்டிருப்பாரு, பாவம்.

அன்னிக்கு நான் உள்ள போய் அழுதேன் சார். சந்தோசத்துலதான். ஆனாக் கொஞ்சம் துக்கமும் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். இருவத்தாறு வருசத்துல எத்தன பேரு வந்தாங்க. நான் வாயத் தொறந்திருந்தா அதுல பாதிப் பேரு இப்பிடித்தான் செரின்னுட்டுப் போயிருப்பாங்களோ? பரிமளம் அந்தத் தலைவலி புடிச்ச யூனிபாரத்துல பாதியாச்சும் தெக்காம இருந்திருக்கலாமோ? வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. அதனால சொல்றேன், நீங்க அந்தாளுக்கு மறுக்காப் போனு போடுங்க. தொகையச் சொல்லுங்க. சொல்லிட்டு வாய மூடிக்கங்க, அவங்களாச் செரிம்பாங்க. இது நான் அனுபவத்துல கண்டது.

எனக்கு ஒரே ஒரு கொறைதானுங்க. அவ்வளவு வெசையாச் செரின்னவரு, ஏழு கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாரில்ல? அன்னிக்கே பரிமளத்துகிட்டச் சொன்னேன், "ஆடி போயி உங்கண்ணன் புதுக் கோடவுனு தெறக்கறாரு. பத்தாயிரம்னு வாயிலயே கேக்கறேன் பாரு, சத்தமில்லாமக் குடுப்பாரு"ன்னேன். அவ கையில இருந்த கத்திரி கீழ உழுந்துருச்சு சார். "சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்கண்ணன்கிட்ட மட்டும் கேட்டுராதீங்க! பத்தாயிரத்துக்கு நான் இன்னும் எத்தன யூனிபாரம்..."னு ஆரம்பிச்சுட்டு, டக்குனு நிறுத்திக்கிட்டா. அவ அண்ணன் காசுக்கும் இவ தெக்கிற யூனிபாரத்துக்கும் என்ன சம்பந்தமுன்னு நான் கேக்கல. பொறந்த ஊட்டுப் பாசம் சார். அண்ணன் பாக்கெட்டுல இருந்து பத்து ரூவா போனாக்கூடப் பொம்பளைங்களுக்கு மனசு தாங்காது. செரின்னு, அவருக்கு மட்டும் நாலோட உட்டுட்டேன். ரேட்டுல கறாரா இருக்கோணும்தான். அதுக்காக எல்லாப் பார்ட்டிகிட்டயும் ஈவு எரக்கம் இல்லாம நடந்துக்க முடியுமுங்களா?